பார்க்கிங்குக்கு ஒரு சங்கமா?

கொஞ்சம் நீளமான பதிவு. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்ததே, நினைவிருக்கிறதா? எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன், இப்போது அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் வாகன நிறுத்தப் பிரிவில் வேலை பார்க்கிறான். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறான். டெக்சாஸ் பார்க்கிங் அண்ட் டிரான்ஸ்போர்ட்டேஷன் அசோசியேஷன் மாநாடு என்று கீழே எழுதியிருந்தான்.

அவ்வளவுதான், குழு களைகட்டிவிட்டது. "வண்டி நிறுத்தறதுக்கு மாநாடாடா?" என்று ஒருவன். "டோக்கன் கிழிக்கிறதுக்கு டிரெயினிங் உண்டா மாப்ளே?" என்று இன்னொருவன். நம் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டு குத்தகைக்காரரைத் தலைவராகப் போட்டுவிடலாம் என்று ஒரு பெண்பிள்ளை. அவன் ஒரு சிரிக்கிற பொம்மையைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். வகுப்பிலும் அப்படித்தான் இருப்பான்.

கேலி செய்தவர்கள் எல்லோரும் என் பிள்ளைகள் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். அந்தச் சங்கம் வேண்டும். அவன் செய்கிற வேலைக்கு அது அவசியம். ஆனால் சங்கம் என்று எழுதிவிட்டால் எல்லாம் நல்லதுதான் என்று நினைக்கிறவளும் நான் இல்லை. சங்கம் செய்யக்கூடாத வேலை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் அதைச் செய்கிறார்கள். என் அக்கா மகள் அதில் மாட்டிக்கொண்டு மீண்டாள். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. முதலில் அமெரிக்கா.

காசு போட்டு வண்டி நிறுத்துகிற மீட்டர் பெட்டி முதன்முதலில் தெருவுக்கு வந்தது 1935 ஜூலை 16ஆம் தேதி, ஓக்லஹோமா சிட்டியில். கார்ல் மகீ என்ற பத்திரிகைக்காரரின் யோசனை. கடைத்தெருவில் வேலை பார்க்கிறவர்களே காலையில் வந்து வண்டியை நிறுத்திவிட்டுப் போக, வாங்க வருகிறவர்களுக்கு இடமே இல்லாமல் போனது. ஒரு மணி நேரத்துக்கு 5 சென்ட் என்று வைத்தார்கள். அந்த இயந்திரத்தைச் செய்து தரச் சொல்லிக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார் மகீ. வந்த மாதிரிகள் எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் அதே கல்லூரியின் பொறியியல் பேராசிரியர் துசன் என்பவரும், அவரிடம் முன்பு படித்த ஜெரால்ட் ஹேல் என்பவரும் சேர்ந்து ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். ஒரு வாத்தியாரும் அவருடைய பழைய மாணவரும்! இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

மீட்டர் வந்தவுடன் அதைச் சுற்றி வேலைகளும் வந்தன. எந்தத் தெருவுக்கு எவ்வளவு கட்டணம், யார் எண்ணுவது, அபராதச் சீட்டை யார் எழுதுவது, தகராறு வந்தால் யார் கேட்பது. 1951இல் தனியார் நிறுத்துமிட உரிமையாளர்கள் நேஷனல் பார்க்கிங் அசோசியேஷன் என்று தேசிய அளவில் ஒரு சங்கம் வைத்தார்கள். 1962இல் நகராட்சிகள், பல்கலைக்கழகங்கள் போன்ற இடங்களில் இந்த வேலையைப் பார்த்த அதிகாரிகள் தங்களுக்கென்று இன்னொன்று ஆரம்பித்தார்கள். அதுதான் 2019 முதல் இன்டர்நேஷனல் பார்க்கிங் அண்ட் மொபிலிட்டி இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் இயங்குகிறது. இவை போக வட்டாரச் சங்கங்கள்: கலிபோர்னியாவுக்கு ஒன்று, புளோரிடாவுக்கு ஒன்று, பென்சில்வேனியாவுக்கு ஒன்று, வடகிழக்கு மூலையில் இருக்கிற நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்குச் சேர்த்து ஒன்று, நம் பையன் போன டெக்சாஸ் சங்கம். இவை பெரிய சங்கத்தின் கிளைகள் இல்லை. தனித்தனியாக நடக்கிறவை, பெரியதோடு கைகோத்துக்கொள்கிறவை.

வட்டாரத்துக்கு வட்டாரம் எதற்கு என்று கேட்பீர்கள். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியாவில் 2025 முதல், ஜனங்கள் ரோட்டைக் கடக்கிற கோட்டுக்கு முன்னால் 20 அடிக்குள் வண்டி நிறுத்தினால் அபராதம். நடந்து வருகிறவர் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த சட்டம். அதை நடைமுறைப்படுத்துகிற ஊழியர் சாக்ரமென்டோவில் இருக்கிறார். ஹூஸ்டனில் இருப்பவருக்கு அது செய்தி, அவ்வளவுதான். நியூ இங்கிலாந்தில் பனி கொட்டும். பனி உருகுவதற்காக ரோட்டில் உப்புப் போடுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் வண்டியோடு ஒட்டிக்கொண்டு அடுக்குமாடி நிறுத்துமிடத்துக்குள் வந்து, தளத்தில் சொட்டி, கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளே இருக்கிற கம்பியைத் தின்றுவிடும். புளோரிடாக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. அவருக்குப் புயல். வெள்ளம் வருகிறதென்றால் ஊர்க்காரர்கள் காரைக் கொண்டுவந்து மேல் மாடியில் நிறுத்தப் பார்ப்பார்கள். யாரை விடுவது, எப்போது கதவைச் சாத்துவது என்பதைப் பக்கத்து ஊர்க்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும்.

நம் குறுவள மையக் கூட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும் ஓர் இடத்தில் கூடுவோம். சில கூட்டம் வெட்டிப் பேச்சு, வடை, கையெழுத்து, வீடு. சில கூட்டத்தில் பக்கத்து ஊர் டீச்சர் ஒருவர் பின்னம் சொல்லிக் கொடுக்க ஒரு பழைய காலண்டர் தாளை மடித்துக் காட்டுவார். இரண்டு வருடப் பயிற்சிப் பள்ளியில் கிடைக்காதது அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கும். பார்க்கிங்குக்கென்று பட்டப்படிப்பு பெரும்பாலும் கிடையாது. போலீஸிலிருந்து வந்தவர், டிக்கெட் கவுண்டரில் ஆரம்பித்தவர், சிவில் என்ஜினியர் என்று ஆளுக்கொரு வழியில் இந்த வேலைக்குள் வருகிறார்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்றால் இந்தச் சங்கங்கள்தான். பெரிய சங்கம் பாடத்திட்டம் வைத்து, தேர்வு வைத்து, 'காப்' என்று ஒரு சான்றிதழும் தருகிறது.

இதற்குப் படிப்பு தேவையா என்று இன்னும் யாராவது சிரித்தால் இதையும் கேளுங்கள். 2023 ஏப்ரலில் நியூயார்க் மன்ஹாட்டனில் ஓர் அடுக்கு நிறுத்துமிடம் அப்படியே இடிந்து உட்கார்ந்தது. ஒருவர் இறந்தார். 2017 டிசம்பர் 31ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு நிறுத்துமிடத்தில் ஒரு வண்டியில் பிடித்த தீ ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைக் கரியாக்கியது. 2023 அக்டோபரில் லண்டனுக்குப் பக்கத்து லூட்டன் விமான நிலையத்திலும் அதே கதை. கட்டடத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து விழுந்தது. மேலே நூற்றுக்கணக்கான வண்டிகளின் பாரம், கீழே மனிதர்கள். டோக்கன் கிழிப்பது இதில் கடைசி வேலை.

கலிபோர்னியாவில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். இலவசமாக வண்டி நிறுத்த இடம் கொடுத்தால் அதன் செலவு வாடகையிலும் கடைச் சாமான் விலையிலும் ஏறி, கார் இல்லாதவன் தலையிலும் விழும் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர். 2005இல் அதைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதினார். 2025 பிப்ரவரியில் காலமானார். ஒரு மனிதர் தம் வாழ்நாளைக் கொடுத்த விஷயத்துக்கு நம் பையன் மூன்று நாள் கொடுக்கக்கூடாதா?

சரி, இப்போது அக்கா மகள் கதை.

அவள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனவள், கடை வளாகத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இயந்திரத்தில் வண்டி எண்ணைத் தட்டிக் காசும் கட்டியிருக்கிறாள். எண்ணில் 'ஓ' என்ற எழுத்துக்குப் பதிலாகச் சுழியத்தைத் தட்டிவிட்டாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்குக் கடிதம் வந்துவிட்டது. 100 பவுண்டு கட்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும் என்று. நம் கணக்கில் பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். கட்டிய காசின் ரசீதை வைத்து அவள் எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது. எனக்குப் போன் போட்டு, "சித்தி, கவர்ன்மென்ட் ஃபைன் சித்தி, கட்டலைன்னா விசாவுக்கு ஏதாவது ஆகுமோன்னு பயமா இருக்கு" என்றாள்.

அங்கேதான் விஷயமே. அது அரசாங்க அபராதமே இல்லை. அங்கே இரண்டு விதச் சீட்டு உண்டு. நகராட்சி கொடுப்பது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ். தனியார் நிறுவனம் அனுப்புவது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். இரண்டுக்கும் சுருக்கெழுத்து பி.சி.என். தான்! இரண்டும் பார்க்க ஒரே ஜாடை. நகராட்சிச் சீட்டை எதிர்த்தால், சட்டப்படி அமைந்த தீர்ப்பாயத்தில் சட்டம் படித்த ஒருவர் கேட்பார். தனியார் சீட்டு, நிறுவனம் உங்களுக்கு அனுப்புகிற பில். 'போர்டில் எழுதியிருந்த நிபந்தனையை ஒத்துக்கொண்டுதானே நிறுத்தினாய், அதை மீறினாய், காசைக் கொடு' என்பது அதன் பொருள்.

உங்கள் வீட்டு முகவரி அந்த நிறுவனத்துக்கு எப்படிக் கிடைத்தது? வாசலில் இருக்கிற கேமரா வண்டி எண்ணைப் பிடிக்கிறது. ஸ்வான்சீ என்ற ஊரில் இருக்கிற அரசு வாகனப் பதிவு நிறுவனத்திடம், எண் ஒன்றுக்கு 2.50 பவுண்டு கட்டி, உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் வாங்கிக்கொள்கிறார்கள். இப்படி வருடத்துக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் போகின்றன. எல்லோருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த சங்கம் ஒன்றில் அந்த நிறுவனம் உறுப்பினராக இருக்க வேண்டும். உறுப்பினராக இல்லையென்றால் முகவரி கிடையாது. முகவரி கிடையாதென்றால் பில் அனுப்ப முடியாது, கடையை மூடவேண்டியதுதான். ஆக, சாவிக்கொத்து சங்கத்தின் இடுப்பில் இருக்கிறது.

இது ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் தனியார் இடத்தில் வண்டி நிறுத்தினால் சக்கரத்தில் இரும்புப் பூட்டை மாட்டிவிட்டு, கேட்ட காசைக் கொடுத்தால்தான் கழற்றுவேன் என்று சிலர் அடாவடி செய்தார்கள். 2012இல் சட்டம் வந்து, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனியார் இடத்தில் பூட்டுப் போடுவது தடைசெய்யப்பட்டது. அதற்குப் பதிலாக, ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் வண்டியின் பதிவு உரிமையாளரிடமே கேட்கலாம் என்ற உரிமையை நிறுவனங்களுக்குக் கொடுத்தார்கள். 1970இல் தொடங்கிய பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் ஏற்கெனவே தன் உறுப்பினர்களுக்கு நடத்தை விதிகள் வைத்திருந்தது. 2012இல் மேல்முறையீட்டுக்கென்று 'பாப்லா' என்ற அமைப்பும் வந்தது. முதல் மூன்று ஆண்டுகள் அதை நடத்தியது லண்டன் நகராட்சிகளின் கூட்டமைப்பு. வண்டிக்காரர் காசு கட்டவேண்டாம், செலவு நிறுவனங்களுடையது. இரும்புப் பூட்டு அடாவடியைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றியிருக்கும். தோன்றியது சரிதான்.

பிறகு இரண்டாவதாக ஒரு சங்கம் வந்தது, ஐ.பி.சி. என்று. அதற்கும் அரசு அங்கீகாரம் கிடைத்தது. அதற்குத் தனி விதிகள், தனி மேல்முறையீட்டு அமைப்பு. நிறுவனம் எந்தச் சங்கத்தில் வேண்டுமானாலும் சேரலாம். சில நிறுவனங்கள் ஒன்றை விட்டு மற்றதற்குப் போகவும் செய்தன. கொஞ்சம் யோசியுங்கள் பிள்ளைகளே. உங்களில் யாராவது என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க கறாராத் திருத்தறீங்க, நான் அடுத்த பள்ளிக்கூடத்துல போய் பேப்பரைத் திருத்திக்கிறேன், ஃபீஸும் அங்கேயே கட்டிடறேன்" என்று சொல்ல முடிந்திருந்தால் நான் எத்தனை வருஷம் கறாராக இருந்திருப்பேன்? நானும் மனுஷிதானே.

சங்கத்தின் விதிகள் வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்துக்கே ஒரு வழக்கு போனது. செல்ம்ஸ்ஃபோர்டு கடை வளாகத்தில் இரண்டு மணி நேரம் இலவசம். ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நிறுத்தினார். பார்க்கிங்ஐ என்ற நிறுவனம் 85 பவுண்டு கேட்டது. இது நஷ்டத்துக்கு மிஞ்சிய தண்டம், செல்லாது என்று அவர் வாதாடினார். ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் செல்லும் என்றார்கள். அந்தத் தீர்ப்பில் சங்கத்தின் நடத்தை விதிகளும் பேசப்படுகின்றன. சங்கம் எழுதியது நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் வரை போய் எடைபோடப்படுகிறது என்றால், அதை எழுதியவர் யார், யார் காசில் எழுதினார் என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

நாடாளுமன்றத்துக்கும் இது உறைத்தது. கிரெக் நைட் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2019இல் சட்டமானது. தனியார் பார்க்கிங்குக்கு அரசே ஒரே விதித் தொகுப்பு எழுதவேண்டும் என்றது அந்தச் சட்டம். 2022 பிப்ரவரியில் அரசு எழுதி வெளியிட்டது. லண்டனுக்கு வெளியே பெரும்பாலான சீட்டுகளுக்கு 50 பவுண்டுதான் உச்சவரம்பு, கடன் வசூல் என்று சொல்லி மேலே ஏற்றுகிற தொகைக்குத் தடை என்றெல்லாம் அதில் இருந்தது. பார்க்கிங் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. நான்கே மாதத்தில், ஜூனில், அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த இடைவெளியில் 2024 ஜூனில் இரண்டு சங்கங்களும் சேர்ந்து தாங்களே ஒரு பொது விதித் தொகுப்பை வெளியிட்டன. அக்டோபர் 1 முதல் நடைமுறை. உச்சவரம்பு? பழையபடி 100 பவுண்டு. 2025 ஜூலையில் அரசு மறுபடியும் கருத்துக் கேட்க ஆரம்பித்தது. சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டிருந்தது.

அந்தச் சங்க விதிகளில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம் சலுகை கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. வண்டி எண்ணில் ஓர் எழுத்து தவறினால் சீட்டை ரத்து செய்யவேண்டும் என்று இருக்கிறது. உள்ளே வந்து ஐந்து நிமிடத்துக்குள் காசு கட்டவில்லை என்று சொல்லி, முழுக் கட்டணமும் கட்டியவர்களைக்கூடத் துரத்திய விவகாரம் செய்திகளில் நாறிய பிறகு, கேமரா வைத்த இடங்களில் வெளியே போவதற்குள் கட்டினால் போதும் என்று 2025 பிப்ரவரியில் திருத்தினார்கள். என் அக்கா மகளைக் காப்பாற்றியதே இந்த விதிகள்தான். எண் தவறுவதைப் பற்றிய பகுதியை அவள் படியெடுத்து, மறுபடியும் அந்த நிறுவனத்துக்கே அனுப்பினாள். சீட்டு ரத்தாகிவிட்டது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி இல்லை, அது வேறு.

ஆனால் அவள் எம்.எஸ்சி. படித்தவள். ஆங்கிலத்தில் எழுதத் தெரியும், உட்கார்ந்து தேடினாள். அவள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் ஏறக்குறைய அதே மாதிரிக் கடிதம் வந்திருக்கிறது. "ஏன் பிள்ளை வில்லங்கம்" என்று அன்றைக்கே 60 பவுண்டைக் கட்டிவிட்டாராம். ரத்து செய்யவேண்டும் என்ற விதி அவருக்கும் இருந்தது. அதை நிறுவனம் தானாகவே கடைப்பிடித்திருக்கவேண்டும். கடைப்பிடித்ததா என்று போய்ப் பார்க்கிற ஆள் யார்? அந்த நிறுவனத்திடம் சந்தா வாங்குகிற சங்கம்.

நான் சங்க எதிரி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியர் சங்கத்துக்குச் சந்தா கட்டியவள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார்களே, அந்த நாட்களில் எங்கள் வீட்டில் உலை வைக்கும்போது கை நடுங்கியது. அப்போது தைரியம் சொல்ல வீடு தேடி வந்தவர்கள் சங்கத்துக்காரர்கள்தான். சங்கம் இல்லாத வேலைக்காரன் தனியாள், அவனை யாரும் எதுவும் செய்யலாம் என்பதை எனக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டாம்.

ஆனால் அதே அனுபவம்தான் இன்னொன்றையும் சொல்கிறது. எனக்குப் பயிற்சி கொடுத்தது பயிற்சிப் பள்ளி. தேர்வு வைத்துப் பட்டயம் கொடுத்தது அரசுத் தேர்வுத் துறை. வேலை கொடுத்தது கல்வித் துறை. என் மேல் புகார் வந்தால் விசாரிப்பது கல்வி அதிகாரி. எனக்காகப் பேச வருவது சங்கம். ஐந்து வேலை, ஐந்து கை. அதிகாரி விசாரிக்கும்போது சங்கத்துக்காரர் என் பக்கம் உட்கார்ந்து வாதாடலாம். அதிகாரியின் நாற்காலியில் அவர் உட்கார முடியாது. பொதுத்தேர்வில்கூட உங்கள் விடைத்தாளை நான் திருத்தியதில்லை. எங்கோ ஒரு முகாமில், உங்கள் முகம் தெரியாத யாரோ ஒருவர்தான் திருத்தினார். நான் நேர்மையற்றவள் என்பதற்காக அப்படி வைக்கவில்லை. நான் நேர்மையாகவே இருந்தாலும் தோற்ற பிள்ளையின் அப்பாவுக்கு அதை நம்ப ஒரு காரணம் வேண்டுமல்லவா?

இங்கிலாந்துப் பார்க்கிங்கில் பயிற்சி, விதி, அங்கீகாரம், மேற்பார்வை, மேல்முறையீட்டுக்கான ஏற்பாடு எல்லாம் அந்த இரண்டு சங்கங்களைச் சுற்றியே நடக்கின்றன. அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தா கட்டுகிறவன் உறுப்பினன். பில் வாங்குகிறவன் அந்தக் கூட்டத்தில் எங்கும் இல்லை. உறுப்பினன் கோபித்துக்கொண்டு பக்கத்துச் சங்கத்துக்குப் போகலாம். பில் வாங்கியவன் எங்கே போவான்?

என் கருத்து இதுதான். சொல்லிக் கொடுக்கிற வேலையை முழுவதும் சங்கங்களிடமே விடுங்கள். அதை அவர்களை விட நன்றாகச் செய்ய அரசாங்கத்தால் முடியாது. உப்பு கம்பியைத் தின்பது எந்த அமைச்சருக்கும் தெரியாது. முகவரி கொடுக்கிற சாவியை மட்டும் சங்கத்தின் இடுப்பிலிருந்து அவிழ்த்து அரசு தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். 2019 சட்டத்தில் சொன்னபடி அரசே விதியை எழுதட்டும், நகராட்சிச் சீட்டுக்கு இருப்பது போன்ற ஒரு தீர்ப்பாயம் தனியார் சீட்டுக்கும் இருக்கட்டும். அதற்கான செலவை நிறுவனங்களிடமே வாங்கட்டும். நிறுவனங்கள் இதனால் நொடித்துப்போய், கேட்பாரற்று வண்டிகளை நிறுத்தி மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தைக்கூட அடைத்துக்கொள்வார்கள் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. கண்டபடி நிறுத்துகிறவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் முழுக் காசும் கட்டிவிட்டு ஓர் எழுத்தைத் தப்பாகத் தட்டிய பெண்ணிடம் 100 பவுண்டு கேட்டுத்தான் அந்த இடத்தைக் காப்பாற்ற முடியும் என்றால், அந்தத் தொழிலில் எங்கோ கணக்கு தப்பு.

டெக்சாஸ்காரனே, நீயும் இதைப் படிப்பாய் என்று தெரியும். உங்கள் மாநாட்டில் அரங்கு போட்டு இயந்திரம் விற்க வந்திருந்தார்களே, அவர்களில் எத்தனை பேர் சங்கத்துக்குப் பணம் கொடுக்கிறவர்கள் என்று ஒரு நாள் எனக்கு எழுது. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். உப்புத் தண்ணீர் விஷயத்தில் இன்னும் எனக்கு இரண்டு சந்தேகம் பாக்கி இருக்கிறது, அதையும் கேட்பேன்.

இனி, இங்கிலாந்தில் இருக்கிற என் பிள்ளைகளுக்கு மட்டும். ஈஸ்ட் ஹாமில் இருந்தாலும் ஹாரோவில் இருந்தாலும் இதையே செய்யுங்கள். கடிதம் வந்தால் முதலில் பெனால்டியா பார்க்கிங்கா என்று அந்த முதல் வார்த்தையைப் பாருங்கள். தனியார் என்றால், மூலையில் எந்தச் சங்கத்தின் முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். மேல்முறையீடு எங்கே போகும் என்பது அதைப் பொறுத்தது. கண்ணை மூடிக்கொண்டு கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். பேசாமல் இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போய்விடுவார்கள், பிறகு கஷ்டம். 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் பெரும்பாலும் 60 பவுண்டுச் சலுகை போகாது. அவர்கள் மறுத்தால், பாப்லா என்றால் 28 நாள் அவகாசம். பாப்லாவுக்குப் போனால் சலுகை போய்விடும், தோற்றால் 100. ஆகவே கையில் சான்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். காசு கட்டின உடனே இயந்திரத்தின் திரையையும் ரசீதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் புரியவில்லை என்றால் எனக்கு இன்பாக்ஸில் படம் அனுப்புங்கள். அக்கா மகள் படித்துப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். பெயர், முகவரி, வண்டி எண் மூன்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். அவளுக்கும் சின்னப் பிள்ளை இருக்கிறது, பதில் வர இரண்டு நாள் ஆகும்.